லாபம் எங்கே விளைகிறது: கோ-பிஏ அமைக்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எஸ்ஏபி மென்பொருளில் முதன்முறையாக லாபப் பகுப்பாய்வை அமைக்கவிருக்கும் உற்பத்தி நிறுவனங்களின் கணக்கு, விற்பனை, கணினித் துறைக் குழுவினருக்கு,



ஒரு நிறுவனத்தின் லாப நட்டக் கணக்கு கடைசியில் ஒரே எண்ணில் வந்து நிற்கிறது. அந்த எண் எந்தச் சரக்கில், எந்த வாடிக்கையாளரிடம், எந்த வட்டாரத்தில் விளைந்தது என்பதைப் பேரேடு சொல்வதில்லை. அதைச் சொல்வதற்கென்றே எஸ்ஏபி-யின் கன்ட்ரோலிங் பிரிவில் ப்ராஃபிட்டபிலிட்டி அனாலிசிஸ் என்ற பகுதி இருக்கிறது. சுருக்கப் பெயர் கோ-பிஏ. எஸ்ஏபி-யின் புதிய தலைமுறை மென்பொருளான எஸ்/4ஹானா வந்த பிறகு, பேரேட்டோடு இணைந்த அதன் வடிவத்துக்கு மார்ஜின் அனாலிசிஸ் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. இதையும் ப்ராஃபிட் சென்டர் கணக்கையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவது வழக்கம். ப்ராஃபிட் சென்டர் நிறுவனத்தின் உட்பக்கம் பார்ப்பது. எந்தப் பிரிவுத் தலைவர் எந்த வரவு செலவுக்குப் பொறுப்பு என்று காட்டும். கோ-பிஏ சந்தையைப் பார்ப்பது. யாரிடம் எதை விற்றதில் என்ன மிஞ்சியது என்று காட்டும். ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்றாகாது.

இதன் கணக்கு முறை ஜெர்மனியில் பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹான்ஸ் கியோர்க் பிளவுட் என்ற ஆலோசகர் நிலைச் செலவையும் மாறும் செலவையும் பிரித்துத் திட்டமிடும் முறையை அங்குள்ள தொழிற்சாலைகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதற்கு ஏட்டு வடிவம் கொடுத்த பேராசிரியர் வொல்ஃப்காங் கில்கர். அவருடைய நூல் 1961-ல் வெளிவந்தது. ஐபிஎம்-மை விட்டு விலகிய ஐவர் 1972-ல் எஸ்ஏபி-யைத் தொடங்கினார்கள். அவர்களுடைய நிறுவனம் செலவுக் கணக்குப் பகுதியைக் கட்டியபோது அடித்தளமாக இருந்தது இந்தச் சிந்தனைதான். தேர்வுக்காக மார்ஜினல் காஸ்டிங் படித்தவர்களுக்கு கோ-பிஏ-வின் அறிக்கை பார்த்த முகமாகவே தெரியும்: மொத்த விற்பனை, தள்ளுபடி, நிகர விற்பனை, மாறும் செலவு, பங்களிப்பு, அதன் பிறகே நிலைச் செலவு. இந்தப் படிக்கட்டு வரிசை விற்பனைக் கூட்டத்தில் எந்தெந்தப் படிகளில் நின்று பேசப்படும் என்பது தெரியாமல் மென்பொருளைத் திறப்பதில் பயன் இல்லை.

அமைப்பின் உச்சியில் இருப்பது ஆப்பரேட்டிங் கன்சர்ன். நான்கெழுத்துப் பெயர் கொண்ட இந்த அலகுக்குள்தான் விற்பனைச் சந்தை முழுவதும் அடங்குகிறது. பல கன்ட்ரோலிங் ஏரியாக்களை, அதாவது செலவுக் கணக்கு அலகுகளை, ஒரே ஆப்பரேட்டிங் கன்சர்னில் சேர்க்கலாம். ஆனால் ஒரு கன்ட்ரோலிங் ஏரியா இரண்டு ஆப்பரேட்டிங் கன்சர்ன்களில் இருக்க முடியாது. ஆப்பரேட்டிங் கன்சர்னின் நாணயமும் கணக்காண்டு வகையும் தொடக்கத்திலேயே முடிவாக வேண்டும். இந்திய நிறுவனங்களுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓடும் வி3 வகைதான் வழக்கம். கணக்குகள் பதிவாகத் தொடங்கிய பின் இவற்றை மாற்றுவது வீட்டில் குடியேறிய பிறகு அஸ்திவாரத்தைத் தோண்டும் வேலை.

அடுத்தது கேரக்டரிஸ்டிக். எந்தக் கோணங்களில் லாபத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டுமோ அந்தக் கோணங்களே கேரக்டரிஸ்டிக்குகள். வாடிக்கையாளர், பொருள், ஆலை, விற்பனை அமைப்பு, விநியோக வழி போன்றவை மென்பொருளிலேயே வந்துவிடுகின்றன. நிறுவனம் தனக்கென்று உருவாக்கும் கோணங்களின் பெயர் டபிள்யூடபிள்யூ என்ற எழுத்துகளில் தொடங்கும். முழு வேலையிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். நடைமுறையில் குறைந்த நேரம் கிடைப்பதும் இதற்கே. ஆலோசகர் ஒரு எக்செல் தாளை அனுப்பி வைக்கிறார். ஒவ்வொரு துறையும் தனக்குத் தோன்றியதை எழுதித் திருப்பி அனுப்புகிறது. பட்டியல் முப்பதைத் தாண்டுகிறது. அவற்றில் பாதிக்கு மதிப்பு எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. விற்பனைப் பிரதிநிதியின் பெயர் வேண்டும் என்று எழுதுகிறவர், அந்தப் பெயர் வாடிக்கையாளர் மாஸ்டரில் நிரப்பப்பட்டிருக்கிறதா, பிரதிநிதி மாறும்போது அதைத் திருத்துவது யார் என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். மூலத்தில் காலியாக இருப்பது அறிக்கையிலும் காலியாகத்தான் இருக்கும்.

ஒரு கேரக்டரிஸ்டிக்கைத் தேர்ந்தெடுக்க எளிய உரைகல் உண்டு. அந்தக் கோணத்தில் ஒரு எண் மோசமாக வந்தால், அதைப் பார்த்து விலையையோ தள்ளுபடியையோ மாற்றவோ, சரக்கை நிறுத்தவோ அதிகாரம் உள்ள ஒருவர் நிறுவனத்தில் இருக்கிறாரா? அப்படி யாரும் இல்லையென்றால் அந்தக் கோணம் வேண்டாம். எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்ட கோணத்தைப் பின்னால் சேர்க்க முடியும். ஆனால் சேர்த்த நாளுக்கு முந்தைய பதிவுகளில் அது வெறுமையாக நிற்கும். நிரப்புவதற்கு ரீஅலைன்மென்ட் என்ற மறுசீரமைப்பு உள்ளது, அதற்கும் எல்லை உண்டு. ஒருமுறை சேர்த்த கோணத்தை நீக்குவது அதைவிடக் கடினம். விற்பனை ஆர்டர் எண்ணை ஒரு கோணமாக வைத்து, ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனி லாபக் கூறு, அதாவது கோணங்களின் ஒரு சேர்க்கைக்கு உரிய பதிவு அலகு, உருவாகும்படி விடுவது இன்னொரு பழைய தவறு. கூறுகள் பெருகிப் பெருகி அறிக்கை திறப்பதற்கே காத்திருக்க வேண்டி வரும். அப்படிப்பட்ட கோணங்களைத் தனிப் பதிவு வரியில் (லைன் ஐட்டம்) மட்டும் வைத்துக்கொண்டு, கூறு உருவாக்கத்திலிருந்து விலக்கி வைக்க வழி இருக்கிறது.

கோணங்களை ஏன் இவ்வளவு கவனிக்க வேண்டும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கு காட்டும். பம்ப் தயாரிக்கும் ஆலை ஒன்று 10,000 ரூபாய் பட்டியல் விலையுள்ள ஒரே பம்பை இரண்டு டீலர்களுக்கு விற்கிறது. முதல் டீலருக்கு பில்லில் 800 ரூபாய் தள்ளுபடி. நிகர விலை 9,200. இரண்டாமவருக்கு 1,200 தள்ளுபடி. நிகர விலை 8,800. பில்லைப் பார்த்தால் முதல் டீலரே 400 ரூபாய் நல்லவர். ஆனால் அவருக்கு ஆண்டு முடிவில் நிகர விலையில் 3 சதவீதம் ஊக்கத்தொகை, அதாவது 276 ரூபாய். லாரி வாடகை 450 ரூபாயும் ஆலையின் பொறுப்பு. இரண்டாமவர் தன் வண்டியிலேயே ஏற்றிச் செல்கிறார், ஆண்டு முடிவில் ஒன்றும் கேட்பதில்லை. உத்தரவாதச் செலவு இருவருக்கும் 150, மாறும் உற்பத்திச் செலவு 6,100. கழித்துப் பார்த்தால் முதல் டீலர் தரும் பங்களிப்பு 2,224 ரூபாய், இரண்டாமவர் தருவது 2,550. வரிசை தலைகீழாகிவிட்டது. ஊக்கத்தொகையும் லாரி வாடகையும் வாடிக்கையாளர் என்ற கோணத்தோடு பதிவாகாமல் மொத்தமாகப் பேரேட்டில் கிடந்தால் இந்த உண்மை எந்த அறிக்கையிலும் வராது.

அதே பம்பில் ஒன்றுக்கு 1,200 ரூபாய் நிலைச் செலவு சேர்த்தால் முழு உற்பத்திச் செலவு 7,300. வெளிமாநில டீலர் ஒருவர் 7,000 ரூபாய்க்குக் கேட்டு, தானே வந்து ஏற்றிக்கொள்வதாகவும் சொன்னால், முழுச் செலவைப் பார்க்கிறவர் நட்டம் என்று மறுப்பார். மாறும் செலவைப் பார்க்கிறவருக்கு உத்தரவாதச் செலவு போக 750 ரூபாய் பங்களிப்பு தெரியும். ஆலை சும்மா கிடக்கிற மாதமா, இந்த விலை மற்ற டீலர்கள் காதுக்குப் போகுமா என்பவை வேறு கேள்விகள். ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டுமானால் நிலைச் செலவும் மாறும் செலவும் கோ-பிஏ-வுக்குத் தனித்தனியாக வந்து சேர வேண்டும். பல ஆலைகளில் இரண்டும் சரக்கின் விற்பனைச் செலவு என்ற ஒரே மூட்டையாகத்தான் வந்து இறங்குகின்றன.

தொகைகள் எந்த வடிவில் வந்து இறங்குகின்றன என்பதை ஒரு பெரிய முடிவு தீர்மானிக்கிறது. கோ-பிஏ-வில் இரண்டு வகை உண்டு. காஸ்டிங் பேஸ்டு வகையில் தொகைகள் வேல்யூ ஃபீல்டு என்னும் பெட்டிகளில் விழுகின்றன; விற்பனை ஒரு பெட்டி, தள்ளுபடி ஒரு பெட்டி, மூலப்பொருள் ஒரு பெட்டி. பதிவாவது பேரேட்டுக்கு வெளியே, அதற்கென்று உள்ள தனி அட்டவணைகளில். அக்கவுன்ட் பேஸ்டு வகையில் பெட்டிகள் கிடையாது. பேரேட்டுக் கணக்கே, அதாவது ஜிஎல் கணக்கே, பெட்டி. எஸ்/4ஹானாவில் இந்தப் பதிவுகள் ஏசிடிஓசிஏ என்ற பொது நாட்குறிப்பு அட்டவணையில் பேரேட்டு வரியோடு ஒரே வரியாக அமர்கின்றன. ஆகவே அவை பேரேட்டோடு ஒத்துப்போகின்றனவா என்ற கேள்வியே எழுவதில்லை.

முன்பெல்லாம் காஸ்டிங் பேஸ்டு வகைக்கே மதிப்பு. காரணம், சரக்கின் செலவை மூலப்பொருள், கூலி, இயந்திர நேரம் என்று கூறு கூறாகப் பிரித்துக் காட்ட அதனால்தான் முடிந்தது. எஸ்/4ஹானாவில் விற்பனைச் செலவைக் கூறுவாரியாகப் பல ஜிஎல் கணக்குகளில் பிரித்துப் பதியவும், உற்பத்தி விலகலை வகைவாரியாகப் பிரிக்கவும் அமைப்பு வந்துவிட்டதால் அந்த மேன்மையில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. எஸ்ஏபி பரிந்துரைப்பதும் அக்கவுன்ட் பேஸ்டு வகையைத்தான். புதிதாகத் தொடங்கும் நிறுவனம் அதிலிருந்து விலகுவதற்கு வலுவான காரணம் வேண்டும். மதிப்பீட்டுச் செலவுகளை, அதாவது பேரேட்டில் இன்னும் வராத உத்தரவாதம், எதிர்பார்க்கும் ஊக்கத்தொகை போன்றவற்றை பில் போட்ட அன்றே காண வேண்டும் என்பது அப்படி ஒரு காரணமாகலாம். ஆனால் அதற்கும் அக்கவுன்ட் பேஸ்டு வகையில் வழிகள் பெருகி வருகின்றன. இரண்டையும் சேர்த்து ஓட்டலாம் என்பது உண்மையே; மாத முடிவில் இரண்டு கணக்குக்கும் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஓட்டலாம்.

கோணங்களுக்கு மதிப்பை நிரப்பும் வேலைக்கு டிரைவேஷன் என்று பெயர். பில்லில் வாடிக்கையாளர் எண் இருக்கிறது. அதிலிருந்து வாடிக்கையாளர் குழு, அஞ்சல் குறியீட்டிலிருந்து மாவட்டம், பொருள் எண்ணிலிருந்து பொருள் குடும்பம் என்று ஒன்றிலிருந்து ஒன்றாக மென்பொருள் வருவித்துக்கொள்கிறது. அட்டவணையிலிருந்து எடுப்பது, விதி எழுதி வருவிப்பது, நேரே நகலெடுப்பது, இருப்பதை அழிப்பது எனப் படிகள் பல வகை. படிகள் எழுதிய வரிசையிலேயே ஓடும். மூன்றாம் படியில் வரவேண்டிய மாவட்டத்தை இரண்டாம் படியில் கேட்டால் காலிதான் கிடைக்கும். வருவிப்பு நடப்பது பதிவாகும் நேரத்தில் என்பதையும் விற்பனைத் துறைக்கு முன்கூட்டியே விளக்கிவிட வேண்டும். ஒரு டீலரை ஜூலையில் ஒரு குழுவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் ஏப்ரல், மே, ஜூன் விற்பனை பழைய குழுவிலேயே இருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் மாதாந்தரக் கூட்டத்தில் கணக்குத் துறையின் எண் தவறு என்ற பேச்சு கிளம்பும்.

தொகைகள் பல வாய்க்கால்களில் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து அடையாளம் உண்டு: விற்பனை ஆர்டருக்கு ஏ, நிதிக் கணக்கிலிருந்து நேரே வரும் பதிவுக்கு பி, ஆர்டர் அல்லது திட்டத் தீர்வுக்கு சி, காஸ்ட் சென்டர் பகிர்வுக்கு டி, பில்லுக்கு எஃப். புதிதாக அறிக்கை எழுதுகிறவர்கள் ஏ வகையையும் எஃப் வகையையும் சேர்த்துக் கூட்டி, விற்பனையை இரட்டிப்பாக்கிக் காட்டுவது எளிதில் நிகழ்கிற விபத்து.

பில் வாய்க்காலில் ஒவ்வொரு விலைக் கூறும், எஸ்ஏபி மொழியில் கண்டிஷன் டைப், எந்த வேல்யூ ஃபீல்டில் விழ வேண்டும் என்று காஸ்டிங் பேஸ்டு வகையில் இணைத்துக் காட்ட வேண்டும். இணைக்காத கூறு ஓசையின்றி விடுபட்டுப் போகும். விற்பனைத் துறை நவராத்திரி சலுகைக்கென்று புதிய தள்ளுபடிக் கூறு ஒன்றை உருவாக்கி, அதைக் கணக்குத் துறைக்குச் சொல்லாமல் விட்டால், அந்த மாத லாபம் காகிதத்தில் மட்டும் அழகாக இருக்கும். கூட்டல் கழித்தல் குறியிலும் ஒரு புதிர் உண்டு. விற்பனையும் தள்ளுபடியும் இரண்டுமே கூட்டல் குறியோடுதான் பெட்டியில் உட்காருகின்றன. கழிப்பது அறிக்கையின் வேலை. இது தெரியாமல் அறிக்கையில் எல்லாவற்றையும் கூட்டிவிட்டு, பேரேட்டைவிட விற்பனை அதிகமாகத் தெரிகிறதே என்று தேடிய இரவுகள் பல திட்டங்களில் உண்டு. விலைக் குறைப்புக்காக மட்டும் போடும் கிரெடிட் நோட்டில் சரக்கு திரும்பி வருவதில்லை. அதில் எண்ணிக்கைப் பெட்டியைப் பூஜ்யமாக்கும் அமைப்பைச் செய்யாவிட்டால் விற்ற எண்ணிக்கை குறைந்து, ஒரு பம்புக்கான பங்களிப்பு பொய்யாக ஏறும். ஜிஎஸ்டி விற்பனை வருவாயில் சேராது. வரிக் கூறுகளை எந்தப் பெட்டியோடும் இணைக்கத் தேவையில்லை. 2017 ஜூலை 1-க்கு முன் கலால் வரியைக் கழித்துக் காட்டத் தனிப் பெட்டி வைத்திருந்த பழைய அமைப்பை நகலெடுத்துத் தொடங்குகிறவர்கள் அதை விட்டுவிடலாம்.

உற்பத்தி விலகலும் காஸ்ட் சென்டர் செலவும் மாத முடிவில் வருபவை. உற்பத்தி ஆர்டரின் விலகல், விலை விலகல், அளவு விலகல் என்று வகை பிரிந்து வந்தால், வாங்கும் துறையின் குறையையும் ஆலையின் குறையையும் வேறுபடுத்தலாம். காஸ்ட் சென்டர் செலவைப் பகிர்வதில் தொழில்நுட்பம் சிறிது, நியாயம் பெரிது. எந்த அடிப்படையில் பகிர்வது என்ற கேள்விக்கு விற்பனைத் தொகையின் விகிதத்தில் என்ற பதில்தான் எப்போதும் முதலில் வரும். சுலபம் என்பதே அதன் ஒரே தகுதி. அதிகம் விற்கிறவன் தலையில் அதிகம் கட்டுகிற முறை அது. ஒரே ஆர்டரில் ஆயிரம் பம்ப் வாங்கும் டீலரும், நூறு ஆர்டரில் பத்துப் பத்தாக வாங்கும் டீலரும் விற்பனை அலுவலகத்துக்கு ஒரே அளவு வேலை தருவதில்லை. ஆர்டர் வரிகளின் எண்ணிக்கையை அடிப்படையாக வைத்தால் அந்த வேறுபாடு தெரியும். அடிப்படையே கிடைக்காத செலவு, உதாரணமாகத் தலைமை அலுவலக வாடகை, எந்த வாடிக்கையாளருக்கும் இறங்காமல் மேல்மட்டத்தில் நிற்பதே நேர்மை. மேல்மட்டத்தில் மொத்தமாகப் பதிந்த லாரி வாடகையை டாப்-டவுன் முறையில் வாடிக்கையாளர்களுக்குப் பங்கிடலாம். ஆனால் மேலே சொன்ன இரு டீலர்களில் சொந்த வண்டி வைத்திருப்பவர் தலையிலும் அது வாடகை ஏற்றிவிடும். லாரி பில்லைப் பதியும்போதே டீலரைக் குறிப்பிடும் பழக்கத்துக்கு எந்தப் பங்கீடும் ஈடாகாது.

காஸ்டிங் பேஸ்டு வகையை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் பேரேட்டோடு ஒத்துப் பார்ப்பது மாதந்தோறும் உள்ள கடமை. வேறுபாடு வரும் இடங்கள் அநேகமாகத் தெரிந்தவையே: இணைக்காத விலைக் கூறு, பிழையால் நின்றுபோன பில், விற்பனைக் கணக்கில் கையால் போட்ட ஜர்னல். கால வேறுபாடு இன்னொன்று. பேரேட்டில் சரக்கின் செலவு கிடங்கை விட்டு வெளியேறும்போது பதிவாகிறது; காஸ்டிங் பேஸ்டு கோ-பிஏ-வில் பில் போடும்போது பதிவாகிறது. இந்தியாவில் சரக்கு புறப்படும் முன்போ புறப்படும்போதோ வரிப் பில் போட வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டம் சொல்வதால் உள்நாட்டு விற்பனையில் இந்த இடைவெளி பெரும்பாலும் சிறியது. ஏற்றுமதியில்தான் சிக்கல் வரும். ஆலை வாசலிலேயே பில் போட்டுவிட்டாலும், இந்தியக் கணக்கியல் தரமான இந்த்-ஏஎஸ் 115 விதிப்படி சரக்கின் கட்டுப்பாடு வாங்குபவரிடம் சேரும்போதுதான் வருவாய். ஆகவே மார்ச் 31 அன்று துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருக்கும் கன்டெய்னர்களின் விற்பனையைக் கணக்கர் ஒரே ஜர்னலில் திருப்பிப் பதிகிறார். அந்த ஜர்னலில் வாடிக்கையாளரும் பொருளும் இல்லையென்றால் கோ-பிஏ எந்தச் சரக்கின் விற்பனையையும் குறைக்காது. அக்கவுன்ட் பேஸ்டு வகையில் மொத்தம் ஒத்துப்போகும். ஆனால் அந்தத் தொகை யாருக்கும் சேராத கூறில் அனாதையாக நிற்கும். இப்படி ஒதுக்கப்படாமல் நிற்கும் தொகை மாத விற்பனையில் எத்தனை சதவீதம் என்பதை அறிக்கையின் அடியில் தனி வரியாகக் காட்டும் நிறுவனங்கள் குறைவு. காட்டினால் அந்த வரி தானாகவே சுருங்கத் தொடங்கும்.

திட்டமிடலுக்கும் கோ-பிஏ இடம் தருகிறது. உண்மைப் பதிவு இருக்கும் அளவு நுணுக்கத்தில் திட்டம் போட முயலாமல், பொருள் குடும்பமும் வட்டாரமும் என்ற மட்டத்தில் நிறுத்திக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். அறிக்கைகளைப் பார்க்கும் அனுமதியைக் கோணவாரியாகக் கட்டுப்படுத்த வேண்டும். ஒரு வட்டார மேலாளருக்கு மற்ற வட்டாரத்து டீலர் விலை தெரிந்தால் மறுவாரமே அது டீலர்களுக்கும் தெரிந்துவிடும்.

சோதனைக்கு அழகான பில் ஒன்றைப் போட்டுப் பார்த்துத் திருப்தி அடைவது போதாது. சரக்குத் திரும்பல், விலைக் குறைப்புக் கிரெடிட் நோட், இலவச மாற்றுப் பம்ப், கிளைக் கிடங்குக்கு மாற்றம், வெளிநாட்டு நாணய பில், ரத்தான பில் ஒவ்வொன்றையும் ஓட்டி, எண்ணிக்கை, குறி, கோணம் மூன்றையும் கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட வேண்டும். இலவசப் பம்பில் விற்பனை பூஜ்யமாகவும் செலவு முழுமையாகவும் வராவிட்டால் உத்தரவாதச் செலவு எங்கோ ஒளிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆப்பரேட்டிங் கன்சர்னை நடைமுறைச் சர்வருக்கு மாற்றும்போது அதற்கான அட்டவணைகளும் நிரல்களும் மீண்டும் உருவாக்கப்படுவதால், பில்லிங் நடக்கும் பகல் நேரத்தில் அதைச் செய்யக் கூடாது. நடைமுறைக்கு வந்த பின் பழைய எக்செல் அறிக்கையையும் புதியதையும் ஒரு காலாண்டுக்காவது சேர்த்து ஓட்டி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வரிவரியாக எழுதி வைப்பது நல்லது. அந்தக் காலாண்டு மார்ச் மாதத்தில் முடிவதாக இருந்தால், ஆண்டு முடிவு ஊக்கத்தொகையும் ஏற்றுமதி விற்பனையின் திருப்பிப் பதிவும் கிடங்குச் சரக்கு மறுமதிப்பீடும் ஒரே நேரத்தில் சோதனைக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு செலவுக் கணக்காளர்